கணிப்பொறிக்கு ஒரு சலவைக் குறி



சென்னை நகரில் ‘சர்வர்’ என்ற சொல்லைச் சொன்னால், மூத்தவர்களின் நினைவுக்கு முதலில் வருபவர் சிற்றுண்டிச்சாலையில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரே கையில் நான்கு தம்ளர்களைத் தாங்கி வரும் மனிதர்தாம். 1964ஆம் ஆண்டில் நாகேஷ் நடித்து வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ என்னும் திரைப்படம் அந்தத் தொழிலுக்கே ஒரு புகழைத் தேடித் தந்தது. மாணவர்களாகிய உங்களுக்கோ அச்சொல் வேறொன்றைக் குறிக்கும். எங்கோ ஒரு குளிர்ந்த கூடத்தில் இருந்துகொண்டு, நாம் கேட்கும் செய்தியையும் படத்தையும் கணக்கையும் எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறியை நீங்கள் சர்வர் என்கிறீர்கள். இரண்டும் ஒரே வேலைதான். கேட்டதைக் கொண்டுவந்து தருவது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. சிற்றுண்டிச்சாலைச் சர்வர் கடை கட்டியதும் வீட்டுக்குப் போய்விடுகிறார். கணிப்பொறிச் சர்வர் போவதில்லை. சாப்பிட ஆளே இல்லாத மேசையருகில் அது விடிய விடிய நிற்கிறது. அதற்குரிய கூலியும் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதை வேளையறிந்து வீட்டுக்கு அனுப்பிவைப்பது எப்படி என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் அந்தக் கூலியின் தன்மையைத் தெரிந்துகொள்வோம். நம் வீட்டுக்கு மின்சாரம் வேண்டுமென்றால் நாம் கொல்லையில் ஒரு மின் நிலையம் கட்டுவதில்லை. கம்பி வழியே வருவதைப் பயன்படுத்திவிட்டு, மானி காட்டும் அளவுக்குப் பணம் கட்டுகிறோம். கணிப்பொறியின் ஆற்றலையும் ஒரு நாள் இவ்வாறே பொதுப் பயன்பாடாக விற்கலாம் என்று ஜான் மெக்கார்த்தி என்ற அமெரிக்க அறிஞர் 1961ஆம் ஆண்டிலேயே ஒரு சொற்பொழிவில் கூறினார். அது கைகூட நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் கணிப்பொறிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. மைக்ரோசாப்டும் கூகிளும் பின்தொடர்ந்தன. இதற்கு ‘மேகக் கணிமை’ என்று பெயர். பெயரில்தான் மேகம், பொருள் தரையில்தான் இருக்கிறது. மைக்ரோசாப்ட் 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் மூன்று இடங்களில் இத்தகைய நிலையங்களைத் திறந்தபோது அவற்றில் ஒன்று நம் சென்னையிலேயே அமைந்தது. அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஐதராபாத்திலும் தன் மண்டலங்களைத் தொடங்கியது.

மின்சார உவமையில் ஒரு குறை இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளக்கு எரிந்தால்தான் மின்மானி சுழலும். மேகத்திலுள்ள சர்வரோ வேலை செய்தாலும் கூலி, சும்மா இருந்தாலும் கூலி. அது விளக்கைப் போன்றதன்று. நாம் பேசி அமர்த்திவிட்டு நிறுத்தி வைத்திருக்கும் ஆட்டோவைப் போன்றது. நீங்கள் கடைக்குள் இருக்கிறீர்கள். வண்டி வாசலில் நிற்கிறது. காத்திருப்புக் கட்டணம் ஏறுகிறது. ‘போய்விட்டு நாளைக் காலை வாரும்’ என்று நீங்கள் சொல்லும் வரை ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அசோக் நகரில், நான்கு சிங்கங்கள் தாங்கிய அந்தத் தூணிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஓர் அவென்யூவின் இரண்டாம் மாடியில் ஒரு சிறு நிறுவனம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மருத்துவப் பரிசோதனைக் கூடங்களுக்கு வேண்டிய மென்பொருளை எழுதித் தருவது அவர்கள் தொழில். இரத்தம் கொடுத்தவரின் பெயர், சோதனையின் முடிவு, மருத்துவருக்குப் போக வேண்டிய அறிக்கை ஆகிய இவையெல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கின்றன. அதன் உரிமையாளர் நான் வணிகவியல் கற்பித்த நாளில் என்னிடம் கணக்குப் பதிவியல் படித்தவர். முன்பு அவருடைய கணிப்பொறிகள் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தன. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகி, சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளிலும் வெள்ளம் புகுந்ததல்லவா? அந்த வெள்ளத்தில் அவை நனைந்து போயின. அதன்பின் அவர் சொந்தமாகச் சர்வர் வாங்கவில்லை; மேகத்துக்குப் போய்விட்டார். தண்ணீர் ஏறாத இடம் என்று அவர் மகிழ்ந்தது உண்மை. ஏறியது வேறொன்று.

ஒரு மாலை என்னிடம் மாதாந்திரப் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினார். “சார், இதை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். இப்படியே போனால் பயிற்சிக்கு எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒருவரை அனுப்பிவிட வேண்டியதுதான்” என்றார். எனக்குக் கணிப்பொறி தெரியாது, பட்டியல் தெரியும். ஒன்பது சர்வர்கள் இருந்தன. அவற்றுள் இரண்டுதாம் வாடிக்கையாளர்களான பரிசோதனைக் கூடங்களுக்கு உரியவை. மற்ற ஏழும் மென்பொருளை எழுதிப் பார்ப்பதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் வைத்துக்கொண்டவை. ஒன்பதுக்கும் மாதத்தில் எழுநூற்று முப்பது மணி என்று ஒரே கணக்காகப் போட்டிருந்தது. “இந்த ஏழையும் இரவில் யார் பயன்படுத்துகிறார்கள்?” என்று கேட்டேன். “இரவில் ஆபீஸே கிடையாதே, சார்” என்றார். சொல்லிவிட்டு அவரே சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

இங்கே நீங்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்கு 24ஐ 7ஆல் பெருக்க 168 மணி. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 60 மணிதான் வேலை நேரம். எஞ்சிய 108 மணியும் காத்திருப்பு. அதாவது நூறு ரூபாய்க் கூலியில் ஏறத்தாழ 64 ரூபாய் வெறும் காத்திருப்புக்குப் போகிறது. உண்மையான விலைகள் இடத்துக்கும் அளவுக்கும் ஏற்ப மாறும். கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு ஒரு சர்வருக்கு மணிக்கு எட்டு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழு சர்வர்கள் ஓய்வின்றி ஓடினால் மாதத்துக்கு 40,880 ரூபாய். வேலை நேரத்தில் மட்டும் ஓடினால், மாதத்துக்கு 260 மணி வீதம், 14,560 ரூபாய். மீதி 26,320 ரூபாய். பயிற்சிக்கு வந்த ஒரு பட்டதாரியின் மாத ஊதியம் அந்த மீதியில் அடங்கிவிடும்.

அப்படியானால் மாலையில் வீட்டுக்குப் போகுமுன் ஒருவர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். முதல் வாரம் நன்றாக நடந்தது. இரண்டாம் வாரம் மறந்தார்கள். மூன்றாம் வாரத்தில் இன்னொரு சங்கடம் வெளிப்பட்டது. எதை அணைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. சர்வர்களுக்கு ‘டெஸ்ட்-2’, ‘புதிது’, ‘புதிது-கடைசி’ என்றெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். ‘புதிது-கடைசி’ என்பதை உண்டாக்கியவர் வேலையை விட்டுப் போய் ஓராண்டு ஆகியிருந்தது. அது யாருக்காக ஓடுகிறது என்று தெரியாததனாலேயே அதை அணைக்க எல்லோரும் அஞ்சினார்கள். குடும்பத்தில் யாருடையது என்று தெரியாத பழைய பெட்டியைப் பரணில் வைத்திருப்பதைப் போல.

இந்த இடத்தில்தான் குறி வந்து உதவுகிறது. நம் ஊரில் சலவைத் தொழிலாளர் நூறு வீட்டுத் துணிகளை ஒரே துறையில் வெளுத்து, ஒன்றுகூட மாறாமல் திருப்பிக் கொடுத்த திறமையை உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். துணியின் ஓரத்தில் சேராங்கொட்டையின் சாற்றால் அவர் சிறு குறி ஒன்று இடுவார். வெள்ளாவியில் வைத்தாலும் அந்தக் கறை போகாது. துணி எந்த மூட்டையில் கிடந்தாலும் குறியைப் பார்த்தால் வீடு தெரியும். மேகக் கணிமையிலும் ஒவ்வொரு சர்வருக்கும், ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் இத்தகைய குறிகளை இடலாம். அவற்றை ‘டேக்’ என்கிறார்கள்; கூகிள் ‘லேபிள்’ என்கிறது. சலவைக் குறியைவிட இது சற்று விரிவானது. ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று வினா, மற்றொன்று விடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘உரியவர் – கணக்குப் பிரிவு’, ‘நிலை – சோதனை’, ‘நேரம் – அலுவலக நேரம்’ என்று இவ்வாறு எழுதலாம். அமேசானில் ஒரு பொருளுக்கு நாமாக ஐம்பது குறிகள் வரை இடலாம். வினாப் பகுதி 128 எழுத்துகளுக்கும், விடைப் பகுதி 256 எழுத்துகளுக்கும் மேற்படக்கூடாது.

குறியால் மட்டும் ஒன்றும் நடந்துவிடாது. துணியில் குறி இருந்தாலும் அதைப் படித்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். இங்கே அந்த ஆள் ஒரு சிறிய நிரல். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது விழித்தெழுகிறது. இருக்கும் சர்வர்களையும் தரவுத்தளங்களையும் வரிசையாகப் பார்க்கிறது. ‘நேரம்’ என்ற குறி உள்ளதா என்று தேடுகிறது. இருந்தால், அதிலுள்ள விடையை எடுத்துக்கொண்டு தன்னிடமுள்ள அட்டவணையைப் புரட்டுகிறது. ‘அலுவலக நேரம்’ என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு முதல் எட்டு என்று அங்கே எழுதியிருக்கும். கடிகாரத்தைப் பார்க்கிறது. ஓட வேண்டிய வேளையில் நின்றுகொண்டிருந்தால் ஓடச் செய்கிறது. நிற்க வேண்டிய வேளையில் ஓடினால் நிறுத்துகிறது. பிறகு தானும் உறங்கிவிடுகிறது. அந்த நிரல் விழித்திருக்கும் சில நொடிகளுக்கு ஆகும் கூலி மிகச் சொற்பம். அமேசான் நிறுவனமே ‘இன்ஸ்டன்ஸ் ஷெட்யூலர்’ என்ற பெயரில் இதை ஆயத்தமாகச் செய்து வைத்திருக்கிறது. மைக்ரோசாப்டிலும் கூகிளிலும் இதற்கு ஒத்த ஏற்பாடுகள் உள்ளன.

இதில் அழகு எங்கே இருக்கிறதென்றால், அட்டவணையும் சர்வரும் ஒன்றையொன்று அறியவேண்டியதில்லை. நாளைக்குப் பத்துச் சர்வர்கள் புதிதாக வந்தாலும் நிரலில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். குறியை இட்டால் போதும். அலுவலக நேரம் ஒன்பது மணிக்கு மாறினால் ஒவ்வொரு சர்வரிடமும் போய்ச் சொல்ல வேண்டாம். அட்டவணையில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். பள்ளிக்கூடத்தில் மணியடிக்கும் நேரத்தை மாற்ற, ஒவ்வொரு மாணவன் வீட்டுக்கும் ஆள் அனுப்புகிறோமா?

‘நிறுத்துதல்’ என்ற சொல்லை இதுவரை எளிதாகச் சொல்லி வந்தேன். அதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நிறுத்துதல் வேறு, நீக்குதல் வேறு. நிறுத்திய சர்வரின் வட்டில் எழுதியவை அப்படியே இருக்கும். மறுநாள் விழித்ததும் விட்ட இடத்தில் தொடரலாம். நீக்கிய சர்வர் போனது போனதுதான். நிறுத்திய சர்வருக்கு மணிக்கூலி இல்லையே தவிர, அந்த வட்டுக்கு இடவாடகை உண்டு. பூட்டிய வீட்டுக்கும் வாடகை கொடுக்கத்தானே வேண்டும்? ஆதலால் பட்டியல் ஒருபோதும் நூற்றுக்கு அறுபத்துநான்கு குறைவதில்லை. சர்வரோடு ஒட்டிய தற்காலிக வட்டு என்று ஒரு வகை உண்டு. அதில் எழுதியது நிறுத்தியவுடன் மறைந்துவிடும். பல சர்வர்களுக்கு, நிறுத்தி எழுப்பினால் வெளியுலக முகவரியும் மாறிவிடும். மைக்ரோசாப்டில் இன்னொரு நுணுக்கம். சர்வருக்குள்ளே இருந்துகொண்டு அதை அணைத்தால் அது நின்றதாகத் தோன்றும். ஆனால் கூலி நிற்காது. வெளியிலிருந்து, அமர்த்திய இடத்தையே திருப்பி ஒப்படைக்கும் முறையில் நிறுத்த வேண்டும். ஆட்டோ ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதற்கும், நாம் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவதற்கும் உள்ள வேற்றுமை அது.

ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு சலுகை விலை பெறுவதும் உண்டு. அவ்வாறு ஒப்பந்தத்தில் அடங்கிய சர்வரை இரவில் நிறுத்துவதால் ஒரு காசும் மிச்சமாகாது. மாதச் சீட்டு வாங்கியவர் இரயிலில் ஏறாமல் நடந்து போவதைப் போன்றது. எப்போதும் ஓட வேண்டியவற்றுக்கு ஒப்பந்தம், பகலில் மட்டும் ஓட வேண்டியவற்றுக்குக் குறி என்று பிரித்துக்கொள்வதே முறை.

தரவுத்தளத்தின் கதை தனி. அமேசானில் தரவுத்தளங்களை நிறுத்தி வைக்கும் வசதியே 2017ஆம் ஆண்டில்தான் வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை. ஏழு நாட்களுக்கு மேல் ஒரு தரவுத்தளம் தொடர்ந்து உறங்க முடியாது; ஏழு நாட்கள் கழிந்ததும் அது தானே எழுந்துவிடும். பராமரிப்புக்காக வரும் திருத்தங்களை அது தவறவிடக் கூடாது என்பதற்காக இவ்வாறு வைத்திருக்கிறார்கள். நியாயமான காரணந்தான். ஆனால் இதை அறியாத கல்லூரி ஒன்று ஏப்ரல் மாதக் கடைசியில் ஆய்வகத்துத் தரவுத்தளங்களை நிறுத்திவிட்டுக் கோடை விடுமுறைக்குப் பூட்டிச் சென்றால் என்ன ஆகும்? மே மாதத் தொடக்கத்தில் அவை ஒவ்வொன்றாக எழுந்து, ஒருவருமில்லாத ஆய்வகத்துக்காக ஜூன் வரை விழித்திருக்கும். ஒரு முறை நிறுத்திவிட்டு மறந்துவிடுவதற்கும், அட்டவணை வைத்து ஓயாமல் கண்காணிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. அதிலும் ஒன்று சொல்ல வேண்டும். அட்டவணைக்குத் திங்கட்கிழமை தெரியும், பொங்கல் தெரியாது. அசோக் நகர் அலுவலகத்தில் முதல் ஆண்டுப் பொங்கலன்று ஆளுக்கு ஓர் ஊரில் இருந்தார்கள். ஏழு சர்வர்களும் மட்டும் காலை எட்டு மணிக்குக் கடமை தவறாமல் எழுந்து, மாட்டுப் பொங்கலுக்கும் வேலைக்கு வந்துவிட்டன.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய நிரல்களுள் பல, உலகப் பொது நேரத்தையே கணக்கில் வைத்திருக்கின்றன. அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. காலை ஒன்பதுக்கு எழுப்பு என்று எண்ணி ஒன்பது என்றே எழுதினால், சர்வர் நம் பிற்பகல் இரண்டரைக்கு எழும். ஒன்பதுக்கு எழ வேண்டுமானால் மூன்றரை என்று எழுத வேண்டும். அதையும் விட நுட்பமான பிழை ஒன்றுண்டு. திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்ப விரும்புகிறோம். பொது நேரத்தில் அப்போது ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரை. ‘திங்கள் முதல் வெள்ளி வரை’ என்று எழுதி வைத்தால் திங்கட்கிழமை விடியலில் எழாது. சனிக்கிழமை விடியலில் எழுந்துவிடும்! இக்காலத்து ஏற்பாடுகளில் இந்திய நேரம் என்றே குறிப்பிட வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வது நலம். நேரத்தைப் பற்றிய இந்தக் குழப்பம் நம் ஊருக்குப் புதிதன்று. நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்தைக் கொண்டு கணித்த சென்னை நேரத்தைத்தான் ஒரு காலத்தில் இந்திய இரயில்வேக்கள் பின்பற்றின. 82½ பாகை நெட்டாங்கை ஒட்டிய இந்தியப் பொது நேரம் 1906ஆம் ஆண்டு பிறந்தபோதுதான் வந்தது. ஊர் மணி ஒன்றும் இரயில் மணி ஒன்றுமாக இருந்த நாளில் வண்டியைத் தவறவிட்டவர்கள் எத்தனை பேரோ!

இனி நான் சொல்லப்போவது அந்த அலுவலகத்தார் இன்றும் குரலைத் தாழ்த்திப் பேசும் செய்தி. குறிகள் இட்டு இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. பட்டியல் குறைந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த வேளையில் புதிய பரிசோதனைக் கூடம் ஒன்று வாடிக்கையாளராகச் சேர்ந்தது. அதற்கென ஒரு தரவுத்தளம் வேண்டும். இருந்தவற்றுள் ஒன்றை மாதிரியாக வைத்துப் புதியதை உண்டாக்கினார்கள். மாதிரியாக எடுத்தது சோதனைக்கு உரியது. மாதிரியோடு அதன் குறியும் கூடவே வந்துவிட்டது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றிரவு எட்டு மணிக்கு, நிரல் தன் கடமையைச் சரியாகச் செய்தது.

இரவு பத்து மணி அளவில், டெங்குக் காய்ச்சல் என்று ஐயுற்ற ஒரு குழந்தையின் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையை மருத்துவர் கேட்டிருக்கிறார். சோதனை முடிந்துவிட்டது, அறிக்கைதான் திறக்கவில்லை. நல்ல வேளையாக, சோதனை செய்த பெண் மானியிலிருந்த எண்ணைத் தாளில் குறித்து வைத்திருந்தார். தொலைபேசியில் படித்துச் சொன்னார். குழந்தைக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஆனால் அந்தத் தாள் இல்லாமற் போயிருந்தால் என்ற எண்ணம் என் மாணவரை நெடுநாள் வாட்டியது. “சார், பணத்தை மிச்சம் பிடிக்கப் போய், நான் எதை அணைக்கிறேன் என்றே தெரியாமல் அணைத்துவிட்டேன்” என்றார்.

நிரல் பிழை செய்யவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அது குறியை நம்பியது. துணியைத் திருடியவன் குறியையும் மாற்றிவிட்டால் சலவைத் தொழிலாளர் என்ன செய்வார்? குறி என்பது வெறும் பெயர்ச்சீட்டாக இருந்தவரை, அதில் பிழை நேர்ந்தால் கணக்கில்தான் குழப்பம் வரும். ஒரு நிரல் அதைப் படித்துச் செயற்படத் தொடங்கிய கணம் முதல் அது சாவியாகிவிடுகிறது. குறியை மாற்ற யாருக்கு உரிமை இருக்கிறதோ அவருக்குச் சர்வரை நிறுத்தவும் உரிமை வந்துவிட்டது. அலுவலகத்தில் எல்லோருக்கும் குறி எழுதும் உரிமை கொடுத்திருந்தார்கள்; எல்லோர் கையிலும் சாவி இருந்தது.

அதன்பின் அவர்கள் செய்த மாற்றங்கள் பெரியவையல்ல. வாடிக்கையாளருக்கு உரிய ஒவ்வொன்றுக்கும் ‘நேரம் – எப்போதும்’ என்ற குறியை வெளிப்படையாக இட்டார்கள். அந்தக் குறியை மாற்ற இருவருக்கு மட்டுமே உரிமை என்று வைத்தார்கள். வாடிக்கையாளருக்கு உரியவற்றையெல்லாம் தனிக் கணக்கின் கீழ்க் கொண்டுபோய், நிறுத்தும் நிரல் அந்தக் கணக்கின் வாசலையே மிதிக்க முடியாதபடி செய்தார்கள். என்னைக் கேட்டால், மற்றவற்றைவிட இந்த மூன்றாவதே உறுதியானது. குறியை மனிதர் எழுதுகிறார், மனிதர் தவறுவார். பூட்டிய கதவு தவறாது.

குறியே இல்லாத சர்வரை என்ன செய்வது? இதில் இரண்டு கொள்கைகள் உண்டு. குறியில்லாததை நிறுத்திவிடு, உரியவர் கூச்சலிட்டுக்கொண்டு வருவார் என்பது ஒன்று. குறியில்லாததைத் தொடாதே, ஆனால் அதன் பெயரை எழுதி நாள்தோறும் எல்லோருக்கும் அனுப்பு என்பது மற்றொன்று. பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் முதற்கொள்கைக்குச் செல்வாக்கு உண்டு. அது விரைவில் ஒழுங்கைக் கொண்டுவரும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் கூச்சலிட வருபவர் எப்போதும் அலுவலகத்துக்குள்ளேயே இருப்பார் என்று என்ன நிச்சயம்? அவர் இரவு பத்து மணிக்கு ஒரு குழந்தையின் படுக்கையருகில் நிற்பவராகவும் இருக்கலாமே. நான் இரண்டாம் கொள்கையின் பக்கம்.

குறி எழுதுவதிலும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் சொல்லும் சிறிய எழுத்தில் தொடங்கும் சொல்லும் நமக்கு ஒன்று. அமேசானின் நிரலுக்கு அவை வெவ்வேறு. ஒருவர் பெரிய எழுத்தில் தொடங்கியும் மற்றொருவர் சிறிய எழுத்தில் தொடங்கியும் ஒரே குறியை எழுதினால், இரண்டாமவருடைய சர்வர் நிரலின் கண்ணுக்குப் படாமலே ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். ஆதலால் எந்தெந்தச் சொற்களைப் பயன்படுத்தலாம் என்று ஒரு சிறு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தார்கள். சர்வரை உண்டாக்கும்போதே குறி இல்லையேல் உண்டாக்க விடாதபடி தடுக்கவும் வழி இருக்கிறது, அதையும் செய்தார்கள். இன்னும் ஒன்று. தானாகவே எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் சர்வர்க் கூட்டங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தனியே நிறுத்தினால், ‘ஐயோ, ஒன்று நோயுற்றுவிட்டது’ என்று எண்ணி அந்தக் கூட்டம் உடனே வேறொன்றை அமர்த்திக்கொள்ளும். அங்கே ஒவ்வொன்றையும் நிறுத்தக் கூடாது. கூட்டத்தின் எண்ணிக்கையையே பூச்சியம் என்று குறைக்க வேண்டும்.

உங்களில் சிலர் கல்லூரிப் பயிற்சிக்காகத் தந்தையாரின் வங்கி அட்டையைக் கொடுத்து ஒரு சர்வரை அமர்த்தியிருக்கலாம். மதிப்பெண் வந்தபின் அது என்ன ஆயிற்று என்று போய்ப் பாருங்கள்.

இதனால் உலகுக்கு ஏதேனும் நன்மை உண்டா என்றும் கேட்பீர்கள். உலகத்துத் தரவு நிலையங்கள் 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 415 டெராவாட்-மணி மின்சாரத்தை உட்கொண்டன என்று பன்னாட்டு எரியாற்றல் முகமை மதிப்பிட்டிருக்கிறது. உலகம் செலவிட்ட மொத்த மின்சாரத்தில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. நீங்கள் ஒரு சர்வரை நிறுத்தினால் அந்த நிலையத்தில் உடனே ஒரு விளக்கு அணைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் விட்ட இடத்தை வேறொருவருக்குக் கொடுப்பார்கள். அவ்வாறு கொடுக்க முடிவதனால், புதிதாக ஒரு பொறியை வாங்கி வைக்கும் தேவை சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவே.

சென்னை ஐ.ஐ.டி.யில் 1973ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370 என்ற பெரிய கணிப்பொறியை நிறுவினார்கள். துளையிட்ட அட்டைகளில் நிரலை எழுதிக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்த காலம் அது. பொறி விலையுயர்ந்தது, அது ஒரு நொடியும் சும்மா இருக்கக் கூடாது, மனிதர் காத்திருக்கலாம். இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. பொறி மலிந்தது, அதனால்தான் அது சும்மா நிற்பதை நாம் கவனிப்பதில்லை. அசோக் நகர் அலுவலகத்துப் பட்டியலில் அந்த ஓராண்டில் நான் கண்ட தொகைகளுள் ஒன்றுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. மணிக்கு எட்டு, ஆறு, மூன்று என்று சில்லறையாகத்தான் இருந்தன.

பயிற்சிக்கு வந்த இருவரும் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மாலையில் மேற்படிப்புக்குப் போகிறவர். வகுப்பு முடிந்து இரவு ஒன்பதுக்குமேல்தான் அவருக்கு வேலை ஓடும். எட்டு மணிக்குச் சர்வர் உறங்கிவிடுகிறதே என்று அவர் உரிமையாளரிடம் போய்க் கேட்டார். இப்போது அட்டவணையில் ‘இரவுப் பணி’ என்று புதிய வரி ஒன்று இருக்கிறது. பிற்பகல் இரண்டு முதல் நள்ளிரவு வரை. ஏழில் ஒரு சர்வர் மட்டும் அந்தக் குறியைத் தாங்கிக்கொண்டு, அவர் வரும் வேளைக்கு விழித்திருக்கிறது.